மூன்று வருஷக் கெடு

சென்ற இதழில் நம் செயலாளர் செப்டிக் டேங்க் பற்றி எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு, மூன்றாவது மாடி நண்பர் ஒருவர் லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். “சார், லாரிக்காரர் மாசம் ரெண்டு தடவை வந்து உறிஞ்சிட்டுப் போறாரே, அதைக் கொண்டுபோய் எங்க ஊத்துறாரு?” என்றார். “ஊருக்கு வெளியே எங்கேயாவது இருக்கும்” என்றேன். “ஊருக்கு வெளியேன்னா, அது யாரோ ஒருத்தர் ஊருக்கு உள்ளேதானே சார்?” என்று சிரித்தபடி இறங்கிப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழு வருஷம் இந்தச் சங்கத்துக்குப் பொருளாளராக இருந்து அந்த லாரிக்குப் பணம் கொடுத்து ரசீது வாங்கியவன் நான்.

அன்று இரவு மாவட்ட வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். நம் ஊர் வாட்டம் வடக்கே. இங்கே மிஞ்சி ஓடும் தண்ணீர் குடகனாற்றில் சேர்ந்து, வேடசந்தூர் வழியாகக் கரூர் பக்கம் போய் அமராவதியில் கலக்கிறது. அமராவதி காவிரியில் கலக்கிறது. காவிரி பூம்புகாரில் கடலைத் தொடுகிறது. முக்கால்வாசி வருஷம் குடகனாற்றில் மணல்தான் ஓடுகிறது என்பது வேறு விஷயம். வாட்டம் வாட்டம்தான். நல்ல மழை பெய்தால் நம் ஊர் அழுக்குக்குக் கடைசி நிறுத்தம் நாகப்பட்டினம் மாவட்டமாக இருந்த கடற்கரை.

அந்தக் கடற்கரையில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. கடற்கரையில் கழிவுநீரை என்ன செய்ய வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் வந்த கதையும் ஓரளவு தெரியும். அந்தக் கதையில் திண்டுக்கல்லுக்கும் பங்கு இருக்கிறது. அதை எழுதினால் நண்பருக்குப் பதில் சொன்னதாகவும் ஆகும்.

1981 நவம்பரில் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதலமைச்சர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். கடல் மட்டம் மிக உயரும் இடத்திலிருந்து 500 மீட்டர் வரை கட்டடம் எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது சாரம். கடிதத்துக்குச் சட்ட பலம் கிடையாது. போபால் விபத்துக்குப் பிறகு 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1991 பிப்ரவரி 19 அன்று கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளியானது. அந்த 500 மீட்டர் சட்டமாகியது. கடலை ஒட்டிய நிலம் மட்டுமல்லாமல், ஓதம் ஏறி இறங்கும் ஆறுகள், உப்பனாறுகள், கழிமுகங்களின் கரையும் அதற்குள் வந்தன.

அந்த அறிவிக்கையில் தடை செய்யப்பட்டவற்றின் பட்டியல் ஒன்று உண்டு. தொழிற்சாலைகள், நகரங்கள், பிற குடியிருப்புகள் ஆகியவற்றிலிருந்து சுத்திகரிக்காத கழிவுநீரை விடுவது அதில் ஒன்று. ஏற்கெனவே விட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு சலுகை. சம்பந்தப்பட்ட அதிகாரிகள் திட்டம் போட்டு, மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாத காலத்தில் அதை நிறுத்திவிட வேண்டும். கழிவு வெளியேற்றும் அமைப்புகளைப் புதிதாகக் கட்டவும் தடைதான். ஆனால் சுத்திகரித்த நீரை வெளியேற்றும் வசதிக்கும் மழைநீர் வடிகாலுக்கும் விலக்கு உண்டு.

வங்கியில் கெடு தேதி டைரி என்று ஒன்று வைத்திருப்போம். எந்தக் கடன் எந்தத் தேதியில் முடிகிறது, எந்தப் பத்திரம் எந்த நாளில் காலாவதி ஆகிறது என்று காலையில் வந்ததும் புரட்டிப் பார்ப்பது வழக்கம். இந்தியக் கடற்கரை நகரங்களின் சாக்கடைக்கு அந்த டைரியில் விழ வேண்டிய தேதி 1994 பிப்ரவரி 19.

அந்த நாளில் நான் நாகப்பட்டினம் பக்கம் ஒரு கிளையில் இருந்தேன். 1993-ல் மாற்றல். சீர்காழி, தரங்கம்பாடி வட்டாரமெல்லாம் இறால் பண்ணை மயமாகிக்கொண்டிருந்த நேரம். நெல் விளைந்த நிலத்தை வளைத்துக் குளம் வெட்டி, கடல் நீரை பம்ப் வைத்து ஏற்றி நிரப்புவார்கள். இறாலுக்குத் தீவனம், மருந்து எல்லாம் போடுவார்கள். குளத்துத் தண்ணீரை அடிக்கடி மாற்றியாக வேண்டும். பழைய தண்ணீர் தீவன மிச்சத்தோடும் கழிவோடும் உப்பனாற்றுக்கோ பக்கத்து வாய்க்காலுக்கோ போகும். உள்ளே நிற்கும் உப்பு நீர் மண்ணில் இறங்கி, அக்கம்பக்கத்துக் குடிநீர்க் கிணறு கரிக்கும்.

இதெல்லாம் அன்று எனக்குப் பெரிதாகப் படவில்லை. பண்ணைக் கடனுக்கு வவுச்சர் எழுதினேன், லெட்ஜரில் ஏற்றினேன். ஏற்றுமதி, அந்நியச் செலாவணி என்று மேலே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் கையெழுத்துப் போட வந்த விவசாயக் கூலிப் பெண்மணி ஒருவர் கவுன்டரில் தண்ணீர் கேட்டார். கொடுத்தோம். வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு குடம் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அது மட்டும் நினைவில் நிற்கிறது. 1994 கடைசியில் இறாலுக்கு வைரஸ் நோய் வந்தது. அடுத்த வருஷம் பாதிக் கணக்கு வாராக்கடன்.

இந்தப் பண்ணைகளை எதிர்த்து 1994-ல் உச்ச நீதிமன்றம் போனவர் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன். நம் காந்திகிராமத்தோடும் வத்தலக்குண்டு பக்கத்தோடும் நெருங்கிய தொடர்புடையவர். அவர் துணைவியார் கிருஷ்ணம்மாள் நம் மாவட்டத்தில் பிறந்தவர். வினோபாவின் பூதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தவர்கள் இருவரும். 1968-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு தஞ்சைத் தரணிக்குப் போய், நிலமில்லாதவர்களுக்கு நிலம் வாங்கித் தரும் வேலையைத் தொடங்கினார்கள். 1981-ல் லாஃப்டி அமைப்பு வந்தது. அப்படி வாங்கித் தந்த நிலத்துக்குப் பக்கத்திலேயே இறால் குளம் வந்து கிணறு உப்பானதும், எண்பது வயதை நெருங்கிய மனிதர் மறுபடி போராட்டத்துக்குக் கிளம்பினார். 2008-ல் இருவருக்கும் சேர்த்து மாற்று நோபல் என்று சொல்லப்படும் விருது கிடைத்தது. ஜெகந்நாதன் 2013-ல் காலமானார்.

1996-ம் வருஷத்தைக் கழிவுநீர் வருஷம் என்றே சொல்லலாம். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி குல்தீப் சிங் அமர்விலிருந்து இரண்டு தீர்ப்புகள் வந்தன. இரண்டிலும் மனுதாரர் பக்கம் நின்றவர் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா. முதலாவது, ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் வந்தது. தோல் தொழிற்சாலை வழக்கு என்றால் பலருக்கும் வாணியம்பாடி, ஆம்பூர்தான் ஞாபகம் வரும். அன்று திண்டுக்கல் அண்ணா என்று அழைக்கப்பட்ட நம் மாவட்டமும் அந்தத் தீர்ப்பில் பெயர் சொல்லி இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் எடுத்த கணக்கு ஒன்றை நீதிமன்றம் எடுத்துக் காட்டுகிறது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. (இணையத்தில் கிடைக்கும் பிரதியில் ரெட்டியார்சத்திரம் ‘பெட்டியார்சத்திரம்’ ஆகியிருக்கிறது. எழுத்துப்பிழை கண்டால் நான் சும்மா இருக்க மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும்.) நம்மில் ஐம்பது வயது தாண்டியவர்களுக்குக் கணக்கு தேவையில்லை, அந்தத் தண்ணீரின் நிறமே ஞாபகம் இருக்கும்.

தோல் ஷெட்டுகளுக்கு நீதிமன்றம் வைத்த கெடு 1996 நவம்பர் 30. அதற்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையமோ தனி நிலையமோ அமைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் மூட வேண்டும். ஒவ்வொரு ஷெட்டுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். இழப்பீடு கணக்கிடத் தனி ஆணையம்.

இரண்டாவது, டிசம்பர் 11-ல் ஜெகந்நாதன் வழக்கில் வந்தது. கடற்கரை மண்டலத்துக்குள் இருக்கும் இறால் குளங்களை 1997 மார்ச் 31-க்குள் இடித்துவிட வேண்டும், பாரம்பரிய முறைப் பண்ணைகளுக்கு மட்டும் விலக்கு என்றது நீதிமன்றம். காந்தியவாதி ஒருவர் போட்ட மனு ஒரு தொழிலையே நிறுத்திவிட்டது என்று அன்று பேச்சு. பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1991 அறிவிக்கையின் தடைகள் இந்தப் பண்ணைகளுக்குப் பொருந்தாது, அதுவும் 1991 பிப்ரவரி 19 முதலே பொருந்தாது என்று அதில் ஒரு பிரிவு. பதினான்கு வருஷப் பின்தேதி! நான் ஒரு வவுச்சரில் ஒரு நாள் பின்தேதி போட்டிருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

ஆனால் என்னை உறுத்துவது வேறொன்று. தோல் ஷெட்டுக்குக் கெடு வைத்தார்கள், இறால் குளத்துக்குக் கெடு வைத்தார்கள். மீறினால் மூடுவோம், இடிப்போம் என்றார்கள். அதே 1991 அறிவிக்கையில், அதே தடைப் பட்டியலில் இருந்த நகராட்சிச் சாக்கடையின் கெடு என்ன ஆயிற்று? 1994 பிப்ரவரி 19 வந்தது, போனது. சென்னையில் கூவமும் அடையாறும் ஓதம் ஏறும் ஆறுகள்தான். அவற்றின் முகத்துவாரத்தில் அன்றைக்கும் மறுநாளும் அதே தண்ணீர்தான் ஓடியது. 1996 ஏப்ரலில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றமே, ஓராண்டுக்குள் தயாரிக்க வேண்டிய கடற்கரை மேலாண்மைத் திட்டங்களைக்கூட மாநிலங்கள் முடிக்கவில்லை என்று கண்டித்தது.

2011 ஜனவரி 6 அன்று புது அறிவிக்கை வந்தது. சுத்திகரிக்காத கழிவுநீருக்குத் தடை மறுபடி எழுதப்பட்டது. இந்த முறை இரண்டு ஆண்டுகள். கடலோர நகரங்களின் கழிவுநீருக்கு முழுமையான திட்டத்தை மீனவ மக்களையும் கலந்து ஓராண்டுக்குள் போட வேண்டும் என்றும் எழுதினார்கள். 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும், கடலோரம் உள்நாடு என்ற பேதமில்லாமல், உள்ளாட்சிகள் சுத்திகரிப்பு நிலையம் அமைக்க மூன்று ஆண்டு கொடுத்தது. அதைக் கண்காணித்த தேசிய பசுமைத் தீர்ப்பாயம், 2020 ஏப்ரல் முதல் தவறினால் ஒரு வடிகாலுக்கு மாதம் ஐந்து லட்சம் ரூபாய் என்றது. மூன்று, இரண்டு, மறுபடி மூன்று.

வங்கியில் இதற்கு ரெனியூவல் என்று பெயர். தவணை கட்ட முடியாதவரின் கடனை முடித்து, அதே நாளில் புதுக் கடனாக எழுதிக்கொடுத்தால் லெட்ஜரில் பாக்கியே தெரியாது. தணிக்கைக்கு வருபவர் பழைய கணக்குகளைத் தேடிப் பிடித்து ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக எழுதினால்தான் விஷயம் வெளியே வரும். அபத்தம் என்னவென்றால், அபராத வட்டியும் இங்கே நம் வரிப்பணத்திலிருந்துதான் போக வேண்டும்.

நகராட்சிகள் பக்கத்திலும் நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இறால் குளத்தை மூடலாம். ஊரின் கழிவறையை மூட முடியுமா? சாக்கடை பள்ளத்தை நோக்கித்தான் ஓடும். கடலோர ஊரில் பள்ளம் என்பது கடற்கரையும் கழிமுகமும்தான். சுத்திகரிப்பு நிலையத்தை அங்கே கட்டினால் குழாய் வாட்டத்திலேயே வந்து சேரும். மேட்டில் கட்டினால் ஒவ்வொரு சொட்டையும் பம்ப் போட்டு ஏற்ற வேண்டும். மின்சாரம் நின்றால் மேன்ஹோல் வழியாகத் தெருவுக்கு வரும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் நம் மாவட்டம் வரை வந்து மரங்களைச் சாய்த்தது. இங்கே நமக்குக் கொஞ்ச நேரம் கரண்ட் இல்லை. டெல்டாவில் பல ஊர்களில் வாரக்கணக்கில் இல்லை. அங்கே பம்பை நம்பிய எதுவும் அத்தனை நாள் வெறும் இரும்புதான்.

பள்ளத்திலேயே கட்டினால் வேறு ஆபத்து. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நான் வேலை பார்த்த கிளையின் வாடிக்கையாளர்கள் சிலரும் அதில் உண்டு. கரையோரக் கிணறெல்லாம் உப்பு. அப்படி ஒரு அலை ஒரு நகரத்தின் கழிவுநீர் நிலையத்தைத் தாக்கினால் என்ன ஆகும் என்பதை 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் பார்த்தார்கள். செண்டாய் நகரத்தின் மினாமி கமோ நிலையம் கடலை ஒட்டி இருந்தது. நகரக் கழிவுநீரில் சுமார் 70 சதவீதம் அங்கேதான் வரும். அலை நிலையத்தையே சிதைத்துவிட்டது. ஊழியர்கள் மாடிக்கு ஏறித் தப்பித்தார்கள். ஊரில் பிழைத்தவர்கள் கழிவறைக்குப் போகாமல் இருக்க முடியுமா? குழாய் வாட்டத்தில் இருந்ததால் கழிவுநீர் வந்துகொண்டே இருந்தது. படியவைத்து, குளோரின் போட்டு, அந்த மட்டில் சமாளித்தார்கள். பிறகு நிலையத்தை அதே இடத்தில்தான் திரும்பக் கட்டினார்கள். ஆனால் முக்கியமான மின் கருவிகளை அலை எட்டாத உயரத்துக்கு ஏற்றி, சூரிய மின்சாரமும் சிறு நீர்மின்சாரமும் சேர்த்துக் கட்டினார்கள்.

இடத்தை மாற்ற முடியாவிட்டாலும் கட்டும் விதத்தை மாற்றலாம் என்பதுதான் இதில் நான் புரிந்துகொண்டது. அதற்கு அலை எதுவரை வரும் என்ற கோடு தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கோட்டின் கதையையும் சுருக்கமாகச் சொல்கிறேன். எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான குழு 2005 பிப்ரவரியில் கொடுத்த அறிக்கையில், எல்லா இடத்துக்கும் ஒரே 500 மீட்டர் என்று வைக்காமல் அந்தந்தக் கரையின் ஆபத்தைப் பார்த்து எல்லை போடலாம் என்றது. 2011 அறிவிக்கையில் அது ஆபத்துக் கோடு என்ற பெயரில் இடம்பெற்றது. ஓதம், அலை, கடல்மட்ட உயர்வு, கரை அரிப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து வரைய வேண்டும். சர்வே ஆஃப் இந்தியா அளந்தது. 2019 ஜனவரி 18 அறிவிக்கை வந்தபோது அந்தக் கோட்டை அனுமதி விதிகளிலிருந்து பிரித்து, பேரிடர்த் திட்டமிடலுக்கு உதவும் குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதே அறிவிக்கையில், ஓதம் ஏறி இறங்கும் பகுதியிலேயே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டலாம் என்று அனுமதியும் கொடுத்தார்கள். கடல் மாசைக் குறைக்க வேண்டும் என்பது காரணம்.

அந்த அனுமதியை நான் குறை சொல்ல மாட்டேன். நிலையம் இல்லாமல் கூவம் போல் ஓடுவதைவிட, ஓதக்கரையில் ஒரு நிலையம் இருப்பது மேல். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தினம் நாலரைக் கோடி லிட்டர் வீதம் கழிவுநீரை மேலும் சுத்தம் செய்து 2019 முதல் தொழிற்சாலைகளுக்கு விற்கிறார்கள். அத்தனை நன்னீர் மிச்சம். ஆனால் நிலையத்தைக் கோட்டுக்குள் கட்ட விட்டுவிட்டு, அந்தக் கோட்டையே விதியிலிருந்து எடுத்தது சரியில்லை. லாக்கருக்குச் சாவி கொடுத்துவிட்டு ரிஜிஸ்டரை மூடி வைப்பது மாதிரி. கட்டிய பிறகு அலை வந்தால் யாரைக் கேட்பது?

இனி நம் கட்டடம். நான் பொருளாளராக இருந்த காலத்து நிமிடப் புத்தகத்தைச் செயலாளரிடம் வாங்கிப் பார்த்தேன். 48 வீட்டுக்கு, வீட்டுக்கு நான்கு பேர் என்று கணக்குப் போட்டுக் கட்டிய செப்டிக் டேங்க் நம்முடையது. 2016 ஜூலையில் அதைப் பெரிதாக்கிச் சீரமைக்கத் தீர்மானம் வந்தது. நிதி போதவில்லை, ‘அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கலாம்’ என்று எழுதியிருக்கிறது. 2019 மார்ச்சில் அதே தீர்மானம், பெயின்ட் வேலை முந்திக்கொண்டது. 2022 செப்டம்பரில் அதே தீர்மானம், பாதாள சாக்கடை இணைப்பு வந்ததும் பார்க்கலாம் என்று முடிவு. மூன்றுக்கும் கீழே இருப்பது என் கையெழுத்து. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. வீட்டுக்கு எட்டாயிரம் ரூபாய் கேட்டால் முகம் சுளிப்பார்களே என்று நானே தள்ளிப்போட்டேன்.

லாரி ரசீதுகளையும் எடுத்துப் பார்த்தேன். தேதி இருக்கிறது, தொகை இருக்கிறது, வண்டி எண் இருக்கிறது. எங்கே இறக்கினார் என்ற பத்தி அச்சிலேயே இல்லை. கழிவுநீர் லாரி சுத்திகரிப்பு நிலையத்தில் மட்டுமே இறக்க வேண்டும் என்று தமிழக அரசின் 2014 வழிகாட்டு நெறிமுறை சொல்கிறது. லாரிக்காரரிடம் கேட்டேன். “நீங்கதான் சார் முதல் தடவையா கேக்குறீங்க” என்றார். பதில் சொல்லவில்லை.

வருகிற பொதுக்குழுவுக்கு இரண்டு தீர்மானங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்று, சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கியதற்கு அங்கே வாங்கிய சீட்டைக் காட்டினால்தான் லாரிக்குப் பணம். இரண்டாவது, செப்டிக் டேங்க் வேலை. அதில் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் போட்டிருக்கிறேன். தவறினால் செயற்குழு உறுப்பினர்கள் சொந்தப் பணத்திலிருந்து மாதம் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் சங்க நிதியில் கட்ட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். செயலாளர் அந்தக் கடைசி வரியை எடுத்துவிடச் சொல்கிறார். நான் இன்னும் எடுக்கவில்லை.